குரல்கள் அடங்கிய பிறகு: மனச்சிதைவு மருந்துகளின் பயன் குறித்து ஒரு மதிப்பாய்வு

மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளால் பலன் உண்டா? எழுபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடை சொல்லப்பட்டுவருகிறது. பெரும்பாலான மனநல மருத்துவர்கள் ஐயத்துக்கு இடமின்றி உண்டு என்கிறார்கள். நோயோடு வாழ்ந்தவர்களில் ஒரு சாராரும், சில எழுத்தாளர்களும், மருத்துவத் துறைக்குள்ளேயே ஒரு சிறுபான்மையினரும் அதை மறுக்கிறார்கள். மருந்துகள் தொடக்கத்தில் அமைதியைத் தந்தாலும் நாள்பட நோயை நீட்டிக்கின்றன என்பது அவர்கள் வாதம். இரு தரப்பிடமும் ஆய்வுகள் இருக்கின்றன, எண்கள் இருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் படிக்கும்போது தெரியவருவது, இரு தரப்பும் பெரும்பாலும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பதுதான். ஆறு வாரத்தில் மாயக்குரல்கள் அடங்குகின்றனவா என்பது ஒரு கேள்வி. ஓராண்டு, ஈராண்டுக்குள் நோய் மீண்டும் தாக்காமல் காக்கின்றனவா என்பது இன்னொன்று. பதினைந்து இருபது ஆண்டு கழித்து அந்த மனிதர் வேலை பார்த்துக்கொண்டு, நாலு பேரோடு பழகிக்கொண்டு, தன் வாழ்வைத் தானே நடத்துகிறாரா என்பது முற்றிலும் வேறு. முதல் இரண்டுக்கும் மருந்தின் பக்கம் வலுவான சான்று இருக்கிறது. மூன்றாவதற்கு உள்ள சான்று மெலிந்தது, இரு பக்கமும் இழுக்கக்கூடியது. முதலிரண்டின் சான்றைக் கொண்டு மூன்றாவதற்கும் தீர்ப்பு எழுதுவதும், மூன்றாவதில் உள்ள ஐயத்தைக் காட்டி முதலிரண்டையும் தள்ளிவிடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் மருந்தும் அதற்கு முந்தைய நம்பிக்கைகளும்

மருந்துகளின் கதையை 1952இலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்குச் சற்று முன்னால் போவது நல்லது. 1930களில் வியன்னாவில் மான்ஃப்ரெட் சாக்கெல் அறிமுகப்படுத்திய இன்சுலின் மயக்க சிகிச்சை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகெங்கும் பெருமையோடு கையாளப்பட்டது. நோயாளிக்கு நாள்தோறும் இன்சுலின் செலுத்தி, சர்க்கரையைக் குறைத்து, நினைவிழக்கச் செய்து, பிறகு மீட்பார்கள். சிலர் இறந்தும் போனார்கள். பலர் குணமடைந்ததாக மருத்துவர்கள் மனமார நம்பினார்கள். 1957இல் பிரிட்டனில் ஒரு சமவாய்ப்புச் சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு இன்சுலினாலும் மறு பிரிவினருக்குத் தூக்கமருந்தாலும் மயக்கம் உண்டாக்கினார்கள். மற்ற கவனிப்பு எல்லாம் ஒன்றே. இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. பலன் தந்தது இன்சுலின் அல்ல. தனி வார்டு, கூடுதல் செவிலியர், நம்பிக்கை ஆகியவையாக இருக்கலாம். ஒரு துறை முழுவதும் கண்ணால் கண்டதாகச் சொன்ன ஒன்று ஒப்பீட்டுச் சோதனையில் கரைந்துபோனது. மனச்சிதைவு மருந்துகளைப் பற்றிய எந்த விவாதத்திலும் நேரடி அனுபவம் மட்டுமே போதிய சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் இல்லை.

குளோர்புரோமசின் இந்தச் சூழலில்தான் வந்தது. பிரான்சின் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் 1950 இறுதியில் தயாரிக்கப்பட்ட அந்த வேதிப்பொருளை அறுவை சிகிச்சைக்கு முன் கொடுத்துப் பார்த்த ஆன்ரி லபோரி, நோயாளிகளிடம் ஒருவிதப் பற்றற்ற அமைதி வருவதைக் கவனித்தார். 1952இல் பாரிசின் சேந்த்-ஆன் மருத்துவமனையில் ழான் தெலேயும் பியர் தெனிக்கரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கிளர்ச்சி மட்டுமல்ல, குரல்களும் தவறான நம்பிக்கைகளும் தணிந்தன என்று அவர்கள் எழுதினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் இந்திய வேர் ஒன்றும் உலக அரங்குக்கு வந்தது. சர்ப்பகந்தா மனக்கலக்கத்துக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை 1931லேயே கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதியிருந்தார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நேதன் கிளைன் 1954இல் நியூயார்க் மாநில மருத்துவமனை ஒன்றில் அதைப் பயன்படுத்திப் பலன் கண்டதாக அறிவித்தார். குளோர்புரோமசினோடு போட்டியில் அது நிலைக்கவில்லை. ஆனால் மூளையிலுள்ள டோபமைன் முதலான பொருள்களின் இருப்பை அது வற்றச் செய்கிறது என்ற கண்டுபிடிப்பு பின்னால் வந்த கோட்பாட்டுக்கு அடித்தளமானது.

சோதனை முறையிலான உறுதிப்பாடு 1964இல் கிடைத்தது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் பல மருத்துவமனைகளில், புதிதாகச் சேர்க்கப்பட்ட நோயாளிகளிடம் ஆறு வாரச் சோதனை நடத்தியது. மருந்து பெற்றவர்களில் சுமார் நால்வரில் மூவர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் சுமார் நால்வரில் ஒருவர். இவ்வளவு பெரிய இடைவெளி பின்னால் வந்த சோதனைகளில் அரிது. இதே ஆய்வின் ஓராண்டுத் தொடர்ச்சி 1967இல் வெளிவந்தபோது எதிர்பாராத ஒரு செய்தி இருந்தது: முதல் ஆறு வாரத்தில் வெற்று மாத்திரை பெற்றவர்கள், மருந்து பெற்றவர்களைவிடக் குறைவாகவே மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பியிருந்தார்கள். ஆறு வாரம் முடிந்ததும் எல்லோருக்கும் அவரவர் மருத்துவர் விரும்பிய சிகிச்சையே தரப்பட்டதால் இதிலிருந்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் இன்றைய விமர்சகர்களின் வாதத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது. குறுகிய கால விடையும் நீண்ட கால விடையும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்ற எண்ணம் அப்போதே எழுந்துவிட்டது.

டோபமைன் விளக்கம் எதுவரை செல்லும்

1963இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் இம்மருந்துகள் டோபமைன் ஏற்பிகளை அடைப்பதாகக் கருத்துரைத்தார். 1970களின் நடுவில், ஒரு மருந்து டி2 என்ற டோபமைன் ஏற்பியோடு எவ்வளவு இறுகப் பிணைகிறதோ அவ்வளவு குறைந்த அளவே சிகிச்சைக்குப் போதும் என்று தனித்தனி ஆய்வுக்கூடங்கள் காட்டின. மனநல மருந்தியலில் இவ்வளவு நேர்த்தியான பொருத்தம் வேறில்லை. பின்னாளில் மூளைப் படம் எடுக்கும் முறைகள் வந்தபோது, ஷிதிஜ் கபூரும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் இன்னும் துல்லியமான ஒன்றைக் காட்டினார்கள்: ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் பலன் தெரியத் தொடங்குகிறது, 78 சதவீதத்தைத் தாண்டினால் கை கால் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. இந்த இடைவெளியை எட்ட நாளொன்றுக்கு ஹாலோபெரிடால் என்ற பழைய மருந்து இரண்டு மூன்று மில்லிகிராம் பெரும்பாலும் போதும். முந்தைய பல பத்தாண்டுகளில் அதைப்போலப் பல மடங்கு கொடுக்கப்பட்டது. மருந்து கொடூரமானது என்று ஒரு தலைமுறை நோயாளிகள் சொன்னதில் மருந்தின் பங்கு எவ்வளவு, அளவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இந்த எண்கள் உதவுகின்றன. என் கணிப்பில் அளவின் பங்கு பெரிது.

ஆனால் மருந்து டோபமைனைத் தொடுகிறது என்பதால் நோயின் வேர் டோபமைன் என்று ஆகிவிடாது. காய்ச்சல் மாத்திரை உடல்சூட்டைத் தணிப்பதால் காய்ச்சலுக்குக் காரணம் அந்த மாத்திரை உடலில் இல்லாததுதான் என்று யாரும் சொல்வதில்லை. கபூர் 2003இல் முன்வைத்த விளக்கம் அடக்கமானது: மிகுந்த டோபமைன், சாதாரண நிகழ்வுகளுக்கும் அளவுகடந்த முக்கியத்துவத்தை ஏற்றிவிடுகிறது; மருந்து அந்த முக்கியத்துவத்தைத் தணிக்கிறது; நம்பிக்கைகளை நோயாளி மெல்ல மெல்லத் தானே கைவிடவேண்டியிருக்கிறது. மருந்து கேட்காத நோயாளிகள் சிலரிடம் டோபமைன் உற்பத்தி இயல்பான அளவிலேயே இருப்பதை 2012இல் வெளியான ஒரு மூளைப்பட ஆய்வு காட்டியது. ஒரே பெயரின்கீழ் வேறுபட்ட நோய்கள் இருக்கக்கூடும் என்ற ஐயம் அதனால் வலுப்பட்டது. பேச்சு வற்றுதல், ஆர்வம் அற்றுப்போதல், முகத்தில் உணர்ச்சி மறைதல், கவனமும் நினைவும் தளர்தல் ஆகியவற்றை டோபமைன் அடைப்பு பெரிதும் மாற்றுவதில்லை. ஒருவர் வேலைக்குப் போக முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை குரல்களைவிட இவையே.

சராசரி எண் காட்டுவதும் மறைப்பதும்

சோதனைகளில் நோயின் கடுமையை அளக்கப் பரவலாகப் பயன்படும் அளவுகோல் பான்ஸ். அதில் முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். ஆக, நோய் அறிகுறி ஒன்றுமே இல்லாதவருக்கும் மதிப்பெண் முப்பது வரும். தொண்ணூறில் இருந்த ஒருவர் அறுபதுக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று கணக்கிடத் தோன்றும். முப்பதுதான் அடித்தளம் என்பதை நினைவில் கொண்டால் அது பாதிக்குப் பாதி குறைவு. இந்தக் கழித்தலைச் செய்யாமல் வெளியான ஆய்வுகளும் உண்டு; அவற்றில் மருந்தின் பலன் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். அளவுகோலைப் பற்றிய இவ்வகைச் சிறு விவரங்கள் பெரிய விவாதங்களின் போக்கையே மாற்றிவிடுகின்றன.

ஜெர்மனியின் ஸ்டெஃபான் லாய்க்டும் குழுவினரும் 2017இல், அறுபது ஆண்டுகளில் நடந்த 167 வெற்று மாத்திரைச் சோதனைகளை, ஏறத்தாழ 28,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். குறைந்தபட்ச முன்னேற்றமாவது கண்டவர்கள் மருந்துப் பிரிவில் 51 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 30 சதவீதம். நல்ல முன்னேற்றம் என்று கேட்டால் 23க்கு 14. வேறுபாடு உண்மை, ஆனால் அறுபதுகளின் சோதனை தந்த நம்பிக்கையோடு ஒப்பிட்டால் அடக்கமானது. விமர்சகர்கள் இந்த எண்ணைத் தங்கள் வாதத்தின் மையமாக வைக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. அண்மைக்காலச் சோதனைகளில் சேர்பவர்கள் பெரும்பாலும் பல ஆண்டு நோயுற்று, பல மருந்துகளைப் பார்த்தவர்கள். முதன்முறை நோயுற்றவர்களை மட்டும் எடுத்த இன்னொரு தொகுப்பாய்வில் 81 சதவீதத்தினர் குறைந்தபட்ச முன்னேற்றமும், 52 சதவீதத்தினர் அறிகுறிகளில் பாதிக்கு மேல் குறைவும் கண்டார்கள். ஆனால் அந்த எண்களில் வெற்று மாத்திரை ஒப்பீடு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. தானாகவே தணிந்திருக்கக்கூடியவர்களும் அதில் அடக்கம். இன்சுலின் கற்பித்த பாடம் இங்கேயும் பொருந்தும்.

எந்த மருந்து சிறந்தது என்ற கேள்வி தொண்ணூறுகளில் வேறு வழியில் குழம்பியது. ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், குவெட்டியாபின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் பழையவற்றைவிட மேலானவை என்ற விளம்பரத்தோடு வந்தன. ஓலான்சபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் முதலியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்ட சோதனைகளை 2006இல் ஆராய்ந்த ஒரு கட்டுரை, நிறுவனப் பணத்தில் நடந்தவற்றில் 90 சதவீதத்தில் பணம் கொடுத்த நிறுவனத்தின் மருந்தே முந்தியிருந்ததைக் காட்டியது. எல்லாமே மற்றவற்றைவிடச் சிறந்தவையாக இருக்க முடியாது. 2000இல் ஜான் கெடஸ் குழுவினர் இன்னொரு காரணத்தைச் சுட்டியிருந்தார்கள்: ஒப்பீட்டில் பழைய மருந்தை மிகுந்த அளவில் கொடுத்திருந்தார்கள், ஹாலோபெரிடால் 12 மில்லிகிராமுக்குள் இருந்த சோதனைகளில் புதியவற்றின் மேன்மை மறைந்தது. அமெரிக்க அரசின் பணத்தில் 57 இடங்களில் 1,493 பேரோடு நடந்த கேட்டீ ஆய்வு 2005இல் வெளிவந்தபோது விவாதம் ஓரளவு தீர்ந்தது. பதினெட்டு மாதங்களுக்குள் 74 சதவீதத்தினர் தமக்குக் கொடுக்கப்பட்ட மருந்தை விட்டுவிட்டார்கள். ஓலான்சபினை விட்டவர்கள் 64 சதவீதம். ஆனால் அதைச் சாப்பிட்டவர்களுக்கு எடை கூடியது. பெர்ஃபெனசின் என்ற மலிவான பழைய மருந்து பெரும்பாலான புதியவற்றுக்குச் சமமாக நின்றது. அடுத்த ஆண்டு பிரிட்டனில் வந்த கட்லாஸ் ஆய்வும் வாழ்க்கைத் தரத்தில் புதியவை மேல் என்பதற்குச் சான்று காணவில்லை. மாத்திரையை விட்டவர்கள் எல்லோரையும் ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதுவதை இந்த ஆய்வுக்குப் பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும். நால்வரில் மூவர் ஒன்றை விடுகிறார்கள் என்றால் குறை அவர்களிடம் மட்டும் இருக்க முடியாது.

குளோசபின்

சராசரிகளின் இந்தக் கூட்டத்தில் தனித்து நிற்பது ஒரே மருந்து. 1950களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் தயாரான குளோசபின் கை கால் விறைப்பை அநேகமாக உண்டாக்கவில்லை. விறைப்பு வராமல் பலன் வராது என்று நம்பிய அக்கால மருத்துவர்களுக்கு அதுவே ஒரு புதிராக இருந்தது. 1975இல் பின்லாந்தில் அதைச் சாப்பிட்டவர்களில் எட்டுப் பேர் வெள்ளணுக்கள் அற்றுப்போய், தொற்றால் இறந்தார்கள். பல நாடுகள் மருந்தை விலக்கின. 1988இல் ஜான் கேன் குழுவினர், வேறு மருந்துகள் எதற்கும் அசையாத 268 பேரிடம் அதைச் சோதித்தார்கள். ஆறு வாரத்தில் குளோர்புரோமசின் பெற்றவர்களில் 4 சதவீதத்தினரும், குளோசபின் பெற்றவர்களில் 30 சதவீதத்தினரும் தேறினார்கள். இத்துறையில் இவ்வளவு கடினமான நோயாளிகளிடம் இவ்வளவு தெளிவான முடிவு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதிலும் அது ஓலான்சபினை முந்தியதை 2003இல் வெளியான இன்டர்செப்ட் ஆய்வு காட்டியது. 66,881 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்த ஜாரி டீஹோனெனின் 2009ஆம் ஆண்டு பின்லாந்து ஆய்வில், ஆபத்தானது என்று பெயர்பெற்ற இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களின் இறப்பு விகிதமே மிகக் குறைவாக இருந்தது. உடல்நலம் உள்ளவர்களுக்கே மருத்துவர்கள் அதை எழுதியிருக்கலாம், அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்கு வருவதால் கவனிப்பும் கூடியிருக்கலாம் என்ற மறுப்புகளில் பொருள் இருக்கிறது. அவற்றைக் கழித்த பிறகும் அச்சத்தைவிடச் சான்று கனமாக இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை மற்ற மருந்துகளுக்குப் போதிய பலன் காண்பதில்லை. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய வாரங்கள் கொடுத்தும் பலனில்லை என்றால் குளோசபினுக்குப் போகவேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நடப்பில் ஆண்டுக்கணக்கில் தாமதமாகிறது. பல நாடுகளில் தகுதியானவர்களில் சிறுபான்மையினருக்கே அது கிடைக்கிறது. பல இடங்களின் விதிப்படி முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தம் எடுத்து வெள்ளணு எண்ணவேண்டும். பிறகும் இடைவெளி விட்டு எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். ஆய்வகம் இல்லாத ஊரிலிருந்து வாரந்தோறும் பஸ் ஏறிவரும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி இழப்பு. ஆபத்து பெரும்பாலும் தொடக்க மாதங்களில் குவிந்திருப்பது தெளிவான பின், அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் தன் கட்டாயப் பதிவு முறையைக் கைவிட்டது. மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைபடுதல், இதயத் தசை அழற்சி, எடை கூடுதல் ஆகியவை வெள்ளணுக் குறைவைப் போலவே கவனிக்கத்தக்கவை என்பதும் இப்போது ஏற்கப்பட்டுள்ளது. மருந்துகளின் பலனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் புதிய மருந்துகளைச் சுற்றியே ஓடுகிறது. கையிலுள்ள மிகச் சிறந்த மருந்து உரியவரைப் போய்ச் சேராதது அதைவிடப் பெரிய இழப்பு.

எவ்வளவு காலம் சாப்பிடுவது

மிகக் கடுமையான சர்ச்சை இங்கேதான். லாய்க்ட் குழுவினர் 2012இல் 65 சோதனைகளைத் தொகுத்தார்கள். நிலைபெற்ற நோயாளிகளில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 27 சதவீதத்தினருக்கும், நிறுத்தியவர்களில் 64 சதவீதத்தினருக்கும் நோய் மீண்டது. மருத்துவத்தின் பிற துறைகளோடு ஒப்பிட்டாலும் இது பெரிய பலன். விமர்சகர்களின் மறுப்பு கூர்மையானது: பல்லாண்டு அடைபட்ட ஏற்பிகள் எண்ணிக்கையிலும் உணர்திறனிலும் பெருகியிருக்கும், அடைப்பைத் திடீரென்று எடுத்தால் வரும் கொந்தளிப்பு, நோய் மீண்டதாகக் கணக்கில் சேர்கிறது. சட்டென நிறுத்திய சோதனைகளுக்கும் படிப்படியாக நிறுத்தியவற்றுக்கும் அத்தொகுப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆயினும் அங்கே படிப்படியாக என்பது பெரும்பாலும் சில வாரங்களையே குறித்தது. மாதங்கள், ஆண்டுகள் எடுத்துக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது விடை அல்ல.

நெதர்லாந்தின் லெக்ஸ் வுண்டரிங்க் நடத்திய ஆய்வு இந்த இடத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. முதல்முறை நோயுற்றுத் தேறியவர்களில் ஒரு பிரிவினருக்கு மருந்தைக் குறைத்து நிறுத்த முயன்றார்கள். முதல் இரண்டு ஆண்டில் அப்பிரிவில் 43 சதவீதத்தினருக்கு நோய் மீண்டது, தொடர்ந்தவர்களில் 21. ஏழு ஆண்டு கழித்து 2013இல் வெளியான முடிவில் படம் தலைகீழானது. அறிகுறித் தணிவும் சமூக வாழ்வும் சேர்ந்த முழு மீட்சி, குறைத்த பிரிவில் 40 சதவீதம், தொடர்ந்த பிரிவில் 18. ஆனால் பின்தொடரப்பட்டவர்கள் 103 பேர்தான். முதல் சோதனையில் வெற்றியுடன் நிறுத்தியவர்கள் ஐந்தில் ஒருவர் அளவே. பிந்தைய ஐந்தாண்டு மருந்தளவு யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. இதற்கு நேரெதிரானது ஹாங்காங்கில் நடந்த சோதனை. ஓராண்டு சிகிச்சைக்குப் பின் தேறியிருந்த 178 பேரில் பாதிக்குக் குவெட்டியாபினும் பாதிக்கு வெற்று மாத்திரையும் ஓராண்டு கொடுத்தார்கள். நோய் மீண்டது குவெட்டியாபின் பிரிவில் 41 சதவீதம், மற்றதில் 79. அந்த ஒற்றை ஆண்டின் நிழல் பத்தாண்டு கழித்தும் தெரிந்தது: மோசமான விளைவு தொடர்ந்தவர்களில் 21 சதவீதம், நிறுத்தியவர்களில் 39. ஒரே கேள்விக்கு இரண்டு சமவாய்ப்புச் சோதனைகள் எதிர்த் திசையில் நிற்கின்றன. ஒன்றில் மருத்துவரின் மேற்பார்வையில் மெல்லக் குறைத்தார்கள், தேவைப்பட்டபோது மீண்டும் கொடுத்தார்கள். மற்றதில் மருந்துக்குப் பதிலாக வெற்று மாத்திரை கொடுத்தார்கள். இந்த வேறுபாடு முக்கியமானது என்பது என் எண்ணம், ஆனால் அதை மெய்ப்பிக்கும் சோதனை தேவை.

அத்தகைய சோதனையாக வந்ததே பிரிட்டனின் ரேடார். மருந்துகளை நெடுங்காலமாகக் கேள்விக்குள்ளாக்கும் ஜோஆனா மான்கிரீஃபே அதற்குத் தலைமை தாங்கி, 253 பேரிடம் நடத்தி, 2023இல் வெளியிட்டார். இரண்டு ஆண்டு மெல்ல மெல்லக் குறைத்த பிரிவில் சமூக வாழ்வு மேம்படவில்லை. கடுமையான நோய்மீட்சி 25 சதவீதம், தொடர்ந்த பிரிவில் 13. தம் எதிர்பார்ப்புக்கு எதிரான முடிவை நேர்மையாக வெளியிட்டது பாராட்டத்தக்கது. இரண்டாண்டு என்பது வுண்டரிங்கின் ஆய்விலும் மோசமாகத் தெரிந்த காலகட்டம்தான் என்ற வாதத்தை ஒதுக்க முடியாது. தொடர் ஆய்வு வரும்வரை அதைச் சான்றாகவும் கொள்ள முடியாது.

சிகாகோவின் மார்ட்டின் ஹாரோ நோயாளிகளை இருபது ஆண்டுவரை பின்தொடர்ந்து, மருந்தில்லாமல் இருந்தவர்கள் நன்றாக இருந்ததைக் காட்டினார். இதழாளர் ராபர்ட் விட்டேக்கர் 2010இல் எழுதிய நூல் அதன் முற்கட்ட முடிவுகளைப் பொதுவெளிக்குக் கொண்டுபோனது. நோய் இலேசானவர்களே மருந்தை விட்டிருக்கக்கூடும் என்பது ஹாரோவின் ஆய்வின் அடிப்படைப் பலவீனம். யார் எந்தப் பிரிவு என்று குலுக்கிப் போடாத ஆய்வில் இந்த முடிச்சை அவிழ்க்க வழியில்லை. பின்லாந்தின் 8,719 பேரை இருபது ஆண்டு தொடர்ந்த 2018ஆம் ஆண்டுப் பதிவேட்டு ஆய்வு, மருந்தை விட்டவர்களுக்கே மறுசேர்க்கையும் இறப்பும் கூடுதல் என்றது. அதற்கும் அதே வகைக் குறை உண்டு.

உடல் கொடுக்கும் விலை

இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருக்கவைக்கும் தவிப்பு, மாதவிடாய் நிற்பது, எடை, சர்க்கரை நோய் என்று பட்டியல் நீளம். வீட்டார் இதை எண்கள் இல்லாமலே அறிவார்கள். வாயும் நாக்கும் தாமாக அசையும் நீடித்த இயக்கக் கோளாறு பழைய மருந்துகளில் சுமார் 30 சதவீதத்தினருக்கும் புதியவற்றில் சுமார் 21 சதவீதத்தினருக்கும் இருப்பதாக 2017இல் ஒரு தொகுப்பாய்வு கணித்தது. இது முழுக்க மருந்தின் வேலை என்ற எண்ணத்தைத் திருத்தியது சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வு. வாழ்நாளில் ஒருமுறையும் மருந்து சாப்பிடாத வயதான நோயாளிகளை மேலைநாட்டில் காண்பது அரிது, இங்கே இருந்தார்கள். ஸ்காட்லாந்தின் மெக்ரீடியும் சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபின் ஆர். தாராவும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட முடிவில், இத்தகைய அசைவுகள் நோயற்றவர்களில் 15 சதவீதம், மருந்தே காணாத நோயாளிகளில் 38, மருந்து சாப்பிட்டவர்களில் 41. நோயே ஒரு பகுதி காரணம் என்று இதிலிருந்து கொள்ளலாம். மருந்துக்கு இது விடுதலைப் பத்திரம் ஆகாது. இளையவர்களிடம் மருந்தின் பங்கு வேறாக இருக்கலாம்.

மூளைத் திசு சுருங்குவது இன்னும் கவலை தருவது. 211 நோயாளிகளைப் பல ஆண்டு படமெடுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வு, மருந்தளவு கூடக்கூடச் சுருக்கமும் கூடுவதைக் கண்டது. நோய் கடுமையானவர்களுக்கே அளவு கூடும் என்று இதை விளக்கலாம். ஆனால் நோயே இல்லாத குரங்குகளுக்கு ஹாலோபெரிடாலோ ஓலான்சபினோ சுமார் ஒன்றரை முதல் இரண்டேகால் ஆண்டு கொடுத்தபோதும் மூளை 8 முதல் 11 சதவீதம் குறைந்திருந்தது. மனிதரின் சிந்தனைத் திறனுக்கு இதன் பொருள் என்ன என்று இன்னும் தெளிவில்லை. தேவைக்கு மேல் ஒரு மில்லிகிராமும் வேண்டாம் என்று சொல்ல அந்தத் தெளிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏழை நாடுகளில் நோய் இலேசா

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு ஆய்வுகள், ஆக்ரா, சண்டிகர், நைஜீரியாவின் இபாதான், கொலம்பியாவின் காலி போன்ற இடங்களில் நோயின் போக்கு வளர்ந்த நாடுகளைவிட நன்றாக இருந்ததாகத் தெரிவித்தன. தொடர்ந்து மருந்திலிருந்தவர்கள் வளரும் நாடுகளில் 16 சதவீதம், வளர்ந்த நாடுகளில் 61 என்பதும் அந்தத் தரவில் இருந்தது. மருந்து குறைந்ததால்தான் நன்றாக இருந்தார்கள் என்று விமர்சகர்கள் இரண்டையும் இணைத்தார்கள். கூட்டுக்குடும்பம், விவசாய வேலை, திடீரெனத் தொடங்கித் தானே தணியும் நோய்வகைகள் இங்கு மிகுந்திருத்தல் என்று மாற்று விளக்கங்கள் பல. 2008இல் அலெக்ஸ் கோஹென், விக்ரம் படேல், தாரா, குரேஜே ஆகியோர் அந்த முடிவையே மறுபரிசீலனை செய்து, பல ஏழை நாட்டு ஆய்வுகளில் விளைவு அப்படி ஒன்றும் நன்றாக இல்லை என்று காட்டினார்கள். சென்னை நகர்ப்பகுதி ஒன்றில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிகிச்சையே பெற்றிருக்கவில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியது மருந்தில்லா வாழ்வு இங்கே எந்த வடிவம் எடுக்கக்கூடும் என்பதற்குச் சாட்சி. மருந்தைக் குறைப்பது பற்றிய விவாதம், மருந்தும் மருத்துவரும் எட்டிய நாடுகளில் பிறந்தது. அதை அப்படியே இங்கே இறக்கினால் கவனிப்பின்மைக்கு அது சாக்காகிவிடும்.

தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 பேரோடு நடந்த காப்சி சோதனை 2014இல் வெளிவந்தது. இரு பிரிவினருக்கும் மருத்துவமனைச் சிகிச்சை உண்டு. ஒரு பிரிவினருக்குக் கூடுதலாக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பிரிவில் அறிகுறிகளும் இயலாமையும் சற்றுக் கூடுதலாகக் குறைந்தன. பலன் சிறியதுதான். மனநல மருத்துவர் அல்லாத ஒருவர், மாத்திரையைப் பற்றியும் வேலையைப் பற்றியும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதால் கிடைத்த பலன் அது. தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது கேள்வியின் மையமான அன்றாட வாழ்வை நேரடியாகத் தொட்ட சில சோதனைகளில் அதுவும் ஒன்று.

தீராதவை

டோபமைன் ஏற்பிகளைத் தொடாமல் மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பிகள் வழியாக வேலை செய்யும் ஸானோமெலின்–ட்ரோஸ்பியம் கூட்டு மருந்துக்கு அமெரிக்கா 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. எழுபது ஆண்டில் அடிப்படையில் வேறான முதல் வழி. ஒப்புதலுக்கான சோதனைகள் ஐந்து வாரம் நடந்தவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்ராகிளிடின் அதே ஆண்டு நவம்பரில் சோதனையில் தோற்றது. எடை கூடாது என்பது உண்மையான நன்மை. நெடுநாள் பலன், மற்ற மருந்து கேட்காதவர்களிடம் பலன் ஆகியவற்றைப் பற்றி இப்போது தீர்ப்புச் சொல்வது அவசரம். ஆர்வமின்மைக்கும் நினைவுத் தளர்ச்சிக்கும் வந்த பல மருந்துகள் கடைசிக்கட்டச் சோதனையில் விழுந்தன. 2017இல் ரிஸ்பெரிடோனைவிடக் கரிப்ரசின் அத்தகைய அறிகுறிகளில் சற்று நன்றாக நின்றது ஒரு சிறு விலக்கு.

முதல் தாக்குதலுக்குப் பின் மருந்தில்லாமலே நன்றாக வாழக்கூடியவர்கள் இருக்கிறார்கள்; ஐந்தில் ஒருவர் போல இருக்கலாம். அவர்கள் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ மூளைப்படமோ இன்றில்லை. அது வரும்வரை எல்லோருக்கும் வாழ்நாள் முழுதும் என்பதும், எல்லோரும் விட்டுப்பார்க்கலாம் என்பதும் ஒரே அறியாமையின்மேல் நிற்கும் விதிகள். சான்று இடந்தருவது இடைப்பட்ட ஒன்றுக்கு: சட்டென நிறுத்தாமல், நிலைபெற்ற பிறகு, குறைக்க விரும்புபவருக்கு மருத்துவர் துணையோடு மாதக்கணக்கில் குறைத்துப்பார்ப்பது, மீண்டால் உடனே பிடிக்க ஆள் இருப்பது. இந்தியாவில் அந்த ஆள் பெரும்பாலும் தாயோ அக்காவோதான். குறைக்கும் முறைகளைச் சோதிக்கும் ஆய்வுகள் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்துவருகின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருபவரிடம் அதே முறை பாதுகாப்பாக நடக்குமா என்பதை இங்கேதான், இங்குள்ள நோயாளிகளோடுதான் சோதித்து அறியவேண்டியிருக்கிறது.